வட்டுக்கோட்டைச் செமினறியும் எங்கள் பாடசாலைகளும்

கல்வியை இஸ்லாமியமயமாக்க வேண்டும் என்ற பேச்சு எங்களுக்குள் புதியதல்ல. 1977இல் மக்காவில் நடந்த முதலாவது உலக முஸ்லிம் கல்வி மாநாட்டுக்குப் பிறகு அது இலங்கையிலும் வேர் பிடித்தது. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னரே, 1973இல், பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா தொடங்கி மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப் பார்த்தது. இப்போது பெற்றோர் கூட்டங்களில் கேட்கிற கோரிக்கை இன்னும் ஒரு படி மேலே. நேரசூசியில் சில பாடவேளைகளை இஸ்லாத்துக்கு ஒதுக்கினால் மட்டும் போதாது, விஞ்ஞானம், கணிதம், வரலாறு, தமிழ் எல்லாவற்றுக்குள்ளும் தீன் வரவேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பறையில் அது எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது.

இதை ஒரு சமயத்தார் எங்கட மண்ணிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆள், பணம், அச்சகம், வைத்தியசாலை எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கி, யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு தலைமுறைக்கும் மேலாகச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ மிஷன் கல்வி என்றவுடன் எங்கட ஆக்களுக்கு இரண்டு எண்ணந்தான் வரும். ஒன்று, மதம் மாற்ற வந்தார்கள். மற்றது, நல்ல இங்கிலீஷ் படிப்பித்தார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்தினால் எங்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி தவறிப்போகும்.

மெதடிஸ்த மிஷனார் 1814இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ். மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைற் 1818இல் நல்லூரில் நிலைகொண்டார். இருவருக்கும் இடையில், 1816இல், அமெரிக்க மிஷனார் வந்து சேர்ந்தார்கள். டானியல் பூர், எட்வேட் வாரன் இருவரும் தெல்லிப்பழையில். பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சட்ஸ் இருவரும் வட்டுக்கோட்டையில். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, பிறகு பாழடைந்து கிடந்த பழைய கோவில்களும் வீடுகளுமே அவர்களுக்குக் கிடைத்தன. தேசாதிபதி பிரவுன்றிக் அவர்களை அனுமதித்தார். குடாநாடே அவர்களின் களமானது.

முதலில் கிராமத்துப் பள்ளிகள். இவற்றில் ஒரு விநோதம் உண்டு. படிப்பித்தவர்களில் பெரும்பாலானோர் விபூதி பூசிய சைவச் சட்டம்பிமார். கிறிஸ்தவ ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லாததால் ஊரில் ஏற்கெனவே திண்ணையில் படிப்பித்துக்கொண்டிருந்தவர்களையே மிஷன் சம்பளத்துக்கு அமர்த்தியது. பிள்ளைகளின் தொகைக்கு ஏற்பச் சம்பளம். எழுத்து, வாசிப்பு, கணக்கோடு வேதாகமப் பகுதிகளையும் கிறிஸ்தவ வினாவிடையையும் பிள்ளைகள் மனனம் செய்ய வேண்டும். பாதிரியார் சுற்றிவந்து கேட்பார். ஒப்புவிக்க வைத்த சட்டம்பியார் பின்னேரம் கோவிலுக்குப் போவார். ஒப்புவித்த பிள்ளையும் அவருக்குப் பின்னால் போகும். பாதிரிமாருக்கு இது தெரியாமலில்லை. சொல் உள்ளே போனால் போதும், அது தன் வேலையைத் தானே செய்யும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை போதாது என்று கண்டபோதுதான் விடுதிப் பாடசாலைகள் வந்தன. பிள்ளையை வீட்டிலிருந்தும் கோவிலிலிருந்தும் பிரித்து வளவுக்குள் வைத்து வளர்ப்பது. இதிலே முதலில் வந்த சண்டை வேதத்தைப் பற்றியதல்ல, சோற்றைப் பற்றியது. வெள்ளாளப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களின் வளவுக்குள் சாப்பிட மாட்டோம் என்றார்கள். ஆரம்பத்தில் சமையலையும் சாப்பாட்டையும் மிஷன் வளவுக்கு வெளியே வைத்துச் சமாளித்தார்கள். படிப்பு உள்ளே, சோறு வெளியே. எது சமயம், எது பாடம் என்று பாதிரிமார் நினைத்திருந்தது வேறு, ஊர் நினைத்திருந்தது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

அடுத்தது பெயர். விடுதிப் பிள்ளைக்கு அமெரிக்காவில் ஒரு புரவலர் இருப்பார். அவர் வருடந்தோறும் பணம் அனுப்புவார். பிள்ளைக்குத் தான் விரும்பும் பெயரை வைக்கும் உரிமையும் அவருக்குக் கிடைக்கும். அப்படித்தான் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வந்தார்கள். சங்கத் தமிழ்ப் பதிப்பின் முன்னோடி சி.வை. தாமோதரம்பிள்ளைக்கும் கிங்ஸ்பரி என்றொரு பெயர் இருந்தது. கடல் கடந்த ஊரிலே, ஒரு நாளும் காணாத ஒருவருடைய பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வெள்ளாளப் பையன் வட்டுக்கோட்டையில் இலக்கணம் படித்தான். பெயர் என்பது எங்களுக்கும் சின்ன விஷயமல்ல என்பதால் இதை எழுதும்போது மனது கொஞ்சம் நெருடுகிறது.

இந்த ஏற்பாட்டின் உச்சம் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி. டானியல் பூர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானசாத்திரம், தர்க்கம், வேதாகமம் எல்லாம் படிப்பித்தார்கள். குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் இதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பேசினார். இந்தச் செமினறியின் நோக்கம் வெறும் படிப்பல்ல. ஒவ்வொரு பாடமும் ஒரே திசையைக் காட்டவேண்டும் என்பதுதான் பூரின் திட்டம். வானசாத்திரத்துக்கு அதில் தனி இடம் உண்டு. யாழ்ப்பாணத்தானுடைய வாழ்க்கை பஞ்சாங்கத்தில் ஓடியது. நாள் பார்ப்பது, விரதம், திருவிழா, கலியாணம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். பஞ்சாங்கக் கணக்குப் பிழை என்று நிரூபித்தால் அதைத் தாங்கி நிற்கிற புராணமும் விழும், புராணம் விழுந்தால் சைவம் விழும். இது பூரின் கணக்கு.

1829 மார்ச் மாதத்தில் அந்தச் சந்தர்ப்பம் வந்தது. வட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் அராலி. அங்கே பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர் விசுவநாத சாஸ்திரியார். அந்த மாதச் சந்திர கிரகணத்துக்கு அவர் தந்த கணக்குக்கும் பூரின் கணக்குக்கும் வித்தியாசம் இருந்தது. தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரனில் மறையும் அளவு எல்லாவற்றிலும். பூர் விஷயத்தைப் பகிரங்கப்படுத்தினார். அன்றிரவு ஆட்கள் கூடி நின்று வானத்தைப் பார்த்தார்கள். பூரின் கணக்கே சரியென்று கண்டார்கள்.

பூர் எதிர்பார்த்தபடி நடந்ததா? கணிதத்திலும் வானசாத்திரத்திலும் செமினறிக்கு இருந்த மதிப்பு ஏறியது, அது உண்மை. சைவம் விழவில்லை. நல்ல கணக்கு எங்கே படிப்பிக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பஞ்சாங்கமும் தொடர்ந்து வெளிவந்தது, விரதமும் தொடர்ந்தது. பூருக்குப் பிறகு 1836இல் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் இன்னும் ஆழமாகப் போனார். 'உள்ளமுடையான்' என்ற தமிழ்ச் சோதிட நூலை ஆங்கிலமாக்கி 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். பிறகு சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்காவில் வெளியிட்டார். மறுப்பதற்காகப் படிக்கத் தொடங்கியவர், மேற்குலகுக்குச் சைவ சித்தாந்தத்தை அறிமுகப்படுத்திய முன்னோடிகளில் ஒருவராக முடிந்தார்.

இந்தக் கிரகணக் கதையை வாசிக்கிற எந்த முஸ்லிமுக்கும் இன்னொரு கிரகணம் நினைவுக்கு வரும். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மதீனாவில் வபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். நபியவர்கள் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றில் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொன்னார்கள். தொழச் சொன்னார்கள். தன் பக்கத்துக்கு ஆதாரமாக வானமே வந்து நிற்கிற நேரத்தில், துக்கத்தில் இருந்த ஒரு தகப்பன் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு விஞ்ஞானப் பாடத்தின் தலைப்பில் ஒரு ஆயத்தை ஒட்டி, பார்த்தீர்களா, நேற்றுக் கண்டுபிடித்ததை எங்கட வேதம் அன்றைக்கே சொல்லிவிட்டது என்று முடிக்கிற ஆசிரியர், இந்த ஹதீஸின் பாதையில் போகவில்லை. அவர் போவது பூரின் பாதை. நாளைக்கு அந்த விஞ்ஞானக் கொள்கை திருத்தப்பட்டால் பிள்ளை எதை விடும், எதைப் பிடிக்கும்?

செமினறியின் முடிவையும் பார்ப்போம். படித்து வெளியேறியவர்கள் பிரசங்கிகளாக வருவார்கள் என்பது பொஸ்டனில் இருந்த தலைமைச் சங்கத்தின் எதிர்பார்ப்பு. வந்தவர்களும் உண்டு. ஆனால் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் இந்தியாவிலும் உத்தியோகம் தேடிப்போனவர்களே அதிகம் கண்ணில் பட்டார்கள். தலைமைச் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு வந்து விசாரித்தது. ஆங்கிலப் படிப்பு உத்தியோகத்துக்கு ஆள் சேர்க்கிறதே தவிர சபைக்குச் சேர்க்கவில்லை, கிராமத்துப் போதகர்களைத் தமிழிலேயே பயிற்றினால் போதும் என்பது அண்டர்சனின் கொள்கை. 1855இல் செமினறி மூடப்பட்டது. அதே வருடத் தொடக்கத்தில் டானியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். ஊர்க் கிறிஸ்தவர்கள் விடவில்லை. அவர்களே முயன்று, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் மீண்டும் திறக்க வைத்தார்கள்.

மூடப்பட்ட பிறகுதான் விளைச்சல் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரிகள் இருவர். தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைப் பிள்ளைகள். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவருடைய மகனோ மறுபடி கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகராகவும் தமிழ்ப் பேராசானாகவும் வாழ்ந்தார். தகப்பன் வைத்துவிட்டுப் போன பெயரை மகன் எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவர். 1886இல் பாவலர் சரித்திர தீபகம் எழுதினார். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையை நடத்தியவர்களும் செமினறியில் படித்தவர்களே. போதகர்களை உருவாக்க வைத்த உலையில் பதிப்பாசிரியர்களும் அகராதிக்காரர்களும் பத்திரிகையாளரும் வெந்து வந்தார்கள். தமிழ் படிப்பிக்கிற எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. பொஸ்டன்காரருக்குத்தான் கணக்குச் சரிவரவில்லை.

அப்படியானால் சமயம் எங்குமே ஒட்டவில்லையா? ஒட்டியது. ஒட்டிய இடங்களைப் பார்த்தால் அவை பாடப் புத்தகத்துக்கு வெளியே இருக்கின்றன. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம். சாப்பாடும் உடுப்பும் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமாக, படித்து முடித்து மிஷன் சம்மதத்தோடு கிறிஸ்தவனைக் கலியாணம் செய்கிற பெண்ணுக்குச் சீதனத்துக்கு உதவினார்கள். யாழ்ப்பாணத்தில் சீதனத்தைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட்ட மாதிரி. செமினறிப் பையனுக்கு உடுவில் பெண், அவர்களின் பிள்ளைகள் அடுத்த தலைமுறை மாணவர்கள் என்று ஒரு சமூகமே உருவானது. இதை விலைக்கு வாங்கினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. முழுப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1840இல் அங்கே வந்த எலைசா அக்னியூவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஏறக்குறைய நாற்பது வருடம், ஒரு தரமும் ஊருக்குத் திரும்பாமல் உடுவிலிலேயே படிப்பித்தார். தாயைப் படிப்பித்தார், மகளைப் படிப்பித்தார், பேத்தியையும் படிப்பித்தார். ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். 1883இல் இங்கேயே இறந்தார்.

மானிப்பாயில் சாமுவேல் கிறீன் இன்னொருவர். 1847இல் வந்து வைத்தியம் செய்தார், வைத்தியம் படிப்பித்தார். பிறகு அதைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று கண்டு, உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கி, 60க்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார். தன் கல்லறையில் தமிழருக்கு வந்த வைத்திய ஊழியன் என்று எழுதச் சொன்னவர். அவருடைய மாணவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களாகவில்லை. என்றாலும் அவருடைய சமயம் என்ன என்பதில் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கிறீன் பிறந்த அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மிஷன் கல்வியின் நுட்பத்தை மிஷனாரை விட நன்றாக விளங்கிக்கொண்டவர் அவர் என்பது என் அபிப்பிராயம். மெதடிஸ்த பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு வருடக்கணக்காக உதவியவர். 1847 முடியும் நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். பிரசங்கம் என்ற வடிவமே பாதிரிமாரிடம் எடுத்தது. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. பிறகு அச்சுக்கூடம். பிறகு படிமுறையான பாலபாடங்கள். பிறகு சைவ வினாவிடை. வகுப்பு, பாடநூல், அச்சு, பிரசங்கம், வினாவிடை எல்லாம் மிஷன் கருவிகள். உள்ளே வைத்த சரக்கு மட்டும் சைவம். ஆரம்ப வருடங்களில் அரசாங்க நன்கொடை அவருடைய பாடசாலைக்குக் கிடைக்கவில்லை. மிஷன் பாடசாலைகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது. பிடியரிசி சேர்த்து நடத்தினார்கள்.

வினாவிடை வடிவத்தைப் பற்றி ஒரு சொல். இது ஏதோ பாதிரிமார் கொண்டுவந்த புதுமை என்று எழுதுகிறார்கள். தமிழ் முஸ்லிம்களுக்கு அது புதுமையல்ல. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் கேட்க நபியவர்கள் பதில் சொல்லும் ஆயிரம் மசலா, வண்ணப் பரிமளப் புலவரால் 1572இலேயே பாடப்பட்டது. பாதிரிமாரும் நாவலரும் கேள்வி பதிலை வகுப்பறைக் கருவியாக்கி அச்சிட்டுப் பரப்பிய காலத்தில், எங்கட மசலாக்கள் ராகத்தோடு வீடுகளில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எங்களுடையது பாட்டாக நின்றது, பாடமாகவில்லை.

ஒரு விஷயத்தில் மிஷனும் நாவலர் மரபும் ஒரே பாயில்தான் இருந்தன. சாதி. எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று படிப்பித்த பள்ளிகளில் சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் இருந்தார்கள். பேர்சிவல் 1847இல் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளை ஒன்றைச் சேர்த்தபோது மேல்சாதி மாணவர்கள் விலகிப்போனார்கள். சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை 1920களின் இறுதியில்தான் அரசாங்க உத்தரவாக வலுப்பெற்றது. அப்போதும் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. எங்கட ஆக்கள் இதைக் கேட்டுத் திருப்திப்பட வேண்டியதில்லை. தொழுகை வரிசையில் இருக்கிற சமத்துவத்தைப் பாடசாலை அனுமதிப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்.

இத்தனையும் நடந்தபோது யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எங்கே இருந்தார்கள்? தூரத்தில் இல்லை. சோனகதெருவும் வண்ணார்பண்ணையும் ஒட்டிக் கிடக்கின்றன. நாவலரின் வித்தியாசாலைக்கும் மெதடிஸ்தரின் மத்திய பாடசாலைக்கும் நடந்து போகலாம். ஈமான் போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைகளை மிஷன் பாடசாலைக்கு அனுப்பாமல் லெப்பையிடம் ஓத வைத்தார்கள். பயம் காரணமில்லாத பயமல்ல. வேதாகம வகுப்புக்குப் பிள்ளை போகத்தான் வேண்டுமா என்பதற்குச் சட்டப் பாதுகாப்பு 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடுதான் வந்தது. பெற்றோர் விரும்பாத சமயப் பாடத்துக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது விதித்தது. அதற்கு முன்பு, உதவி பெறும் பாடசாலை ஒன்று இருக்கும் இடத்துக்குக் கால் மைலுக்குள் இன்னொன்று அரசாங்க உதவி பெறுவதற்குத் தடை போட்ட விதி வேறு. முதலில் வந்து இடம் பிடித்த மிஷன்களுக்கே அது வாய்ப்பு.

நாவலர் செய்த வேலையை எங்களுக்குள் தொடங்கியவர் கண்டியில் இருந்தார். அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருடம் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. நாவலரின் வித்தியாசாலைக்கு 44 வருடங்கள் பின்னால். பயப்பட்டது பிழையல்ல, பயந்துவிட்டு மாற்று ஒன்றைக் கட்டாமல் இருந்த அந்த 44 வருடந்தான் எங்களுக்கு விழுந்த அடி.

யாழ்ப்பாணத்து முஸ்லிமுக்குக் கதவு வேறொரு பக்கத்தால் திறந்தது. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ், குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். கிறிஸ்தவப் பாடசாலைகளுக்குப் பதிலாகச் சைவர்கள் கட்டிய பாடசாலைகள் அவை. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிமும் அவரே. பிறகு அந்த உத்தியோகத்தை விட்டு 1948 முதல் 1961 வரை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை முன்னின்று தொடங்கியதும் அவரே. தேவாரத்தோடு தொடங்குகிற பாடசாலையில் படித்தவர் தன் தீனை இழக்கவில்லை. சமயச் சூழலுள்ள பாடசாலை எப்படி இருக்கும் என்பதை இன்னொருவர் வீட்டில் இருந்து பார்த்து, அதை ஸாஹிராவுக்குக் கொண்டுபோனார் என்றே நான் நினைக்கிறேன். 1963இல் வெளிவந்த அவருடைய 'இலங்கையில் இஸ்லாம்' நூலைப் புரட்டினால் அந்தத் தமிழ் எங்கே பயின்ற தமிழ் என்று விளங்கும்.

1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் போன்ற சில தனியாக நின்றன. அரசாங்கப் பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் சமயத்தைப் படிக்கும் முறை வந்தது. நீதியான முறை. ஒரு நூற்றாண்டுச் சண்டை அதோடு ஓய்ந்தது. ஆனால் க.பொ.த. சாதாரண தரச் சமய வினாத்தாள்களை, சைவநெறி, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. சரியான விடையின் கீழ்க் கோடிடுக. 1820களில் தெல்லிப்பழைத் திண்ணையில் சைவச் சட்டம்பியார் கிறிஸ்தவ வினாவிடையை ஒப்புவிக்க வைத்த அதே வித்தை, இப்போது எல்லாச் சமயத்துக்கும் பொதுவாகிவிட்டது. இஸ்லாம் பாடத்தில் ஏ சித்தி எடுத்த பிள்ளை சுபஹுக்கு எழும்புகிறதா என்பது வினாத்தாளில் இல்லை.

அதனால் எல்லாப் பாடத்துக்குள்ளும் தீன் வரவேண்டும் என்று கேட்கிறவர்களின் ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வட்டுக்கோட்டையில் சமயத்தைச் சுமக்க வைத்த பாடம், பாடமாக மட்டும் போய்ச் சேர்ந்தது. சமயத்தைச் சுமந்தது அக்னியூவின் நாற்பது வருடம், கிறீனின் மருந்து. இதைச் சொன்னால் நிர்வாகக் கூட்டத்தில் பாடத்திட்டத்தை விட்டுவிட்டு ஆசிரியர் நியமனம், சம்பளம், விடுதிச் சாப்பாடு, ஏழைப் பிள்ளையின் அனுமதி என்று பேசவேண்டி வரும். ஆயத்து ஒட்டுவதைவிடச் செலவு கூடிய விஷயங்கள் அவை.

இன்னொரு வேலையும் கிடக்கிறது. அமெரிக்க மிஷனாரின் கடிதங்களும் அறிக்கைகளும் இன்றும் ஹாவட் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வட்டுக்கோட்டையில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பெயர் வைத்தார்கள் என்பதுகூட எழுத்தில் உண்டு. சோனகதெருப் பாடசாலைகளுக்கு நேர்ந்தது 1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது பதிவேடுகளைத் தூக்கிவர எவருக்கு அவகாசம்? இந்துக் கல்லூரியிலும் வைத்தீஸ்வராவிலும் மத்திய கல்லூரியிலும் படித்த எங்கட மூத்தவர்கள் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். காலைப் பிரார்த்தனை நேரத்தில் எங்கே நின்றீர்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு யார் அனுமதி தந்தார்கள், நோன்பு நாளில் பக்கத்து வாங்குப் பிள்ளை என்ன செய்தான், எந்த வாத்தியாரை இன்னும் நினைக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.